கயிறு பிடிப்பவன்

நாள் 22
பிப்ரவரி 3, 2071. செவ்வாய். 07:10
ஆழம் 12 மீட்டர். நீர் வெப்பம் 27.8. உப்பளவு 34.6. பார்வைத் தூரம் 9 மீட்டர். காற்றழுத்தம் சரி.

எல்லாம் ஒழுங்கு. விடிந்ததிலிருந்து ஒரு களவா மீன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சட்டை மாற்றிய பிறகுதான் போனது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் இன்னாசி மோத்தா. வயது நாற்பத்தொன்பது. பவள ஆய்வாளன். மன்னார் வளைகுடாவின் அடியில் ஒரு லாரி அளவுள்ள இரும்பு அறையில் தொண்ணூறு நாள் தனியாக இருக்க வந்திருக்கிறேன். அறையில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பவளப்பாறை. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு நாற்பத்தெட்டுப் பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் வகுப்புத் திரையில் இந்த ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறார்கள், நான் பேசுவதைக் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரிலும் குறிப்பு எழுதுகிறேன். ஆனால் அது கேபிள் வழியாக மேலே போய்விடும். ஈரம் ஏறாத தாளில் பென்சிலால் எழுதும் இது என்னோடு இருக்கும்.

இந்த வகுப்பறையை நடத்துவது ஒரு குடிநீர் நிறுவனம். கடல்நீரை நன்னீராக்கி இந்தக் கரை முழுவதற்கும் குழாயில் கொடுக்கிறார்கள். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு இது வேண்டும். காட்டிக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்குக் கடல் கிடைத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

தலைக்கு மேலே ஒரு மிதவை. என் காற்று, கேபிள், சாப்பாட்டுக் கூடை எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. மிதவையில் இருப்பவன் தொம்மை, என் மனைவி கிறிஸ்டில்டாவின் தம்பி. நிறுவனம் ஒரு இன்ஜினியரைப் போடுகிறேன் என்றது. நான் விடவில்லை. எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்க இறங்குபவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? என் தாத்தாவுக்கு அவர் மச்சினன் பிடித்தார், அப்பாவுக்கு அவர் மச்சினன். நான் டாக்டர் பட்டம் வாங்கியவன்தான். ஆனாலும் ஒப்பந்தத்தில் தொம்மையின் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போடவில்லை.

இத்தனை தொழில்நுட்பம் இருந்தும் ஒரு பழைய நைலான் கயிறும் தொங்குகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு இழுப்பு: நலமா? நான் ஒரு இழுப்பு: நலம். இரண்டு இழுப்பு என்றால் மேலே ஏறு. போன வருடம் தொம்மைக்குத் தோள்பட்டை இறங்கியது. அதனால் அவன் இரண்டு முறை இழுத்தால் இரண்டாவது கொஞ்சம் தயங்கித்தான் வரும். போன வாரம் பயிற்சிக்காக இழுத்தபோது கவனித்தேன். சிரிப்பு வந்தது.

10:50
வகுப்பு முடிந்தது. எங்கள் வகுப்பு எண்ணிக்கையோடுதான் தொடங்கும். ஒரு நிமிடம் ஜன்னலைக் கடக்கும் மீன்களை எண்ணவேண்டும். பள்ளிக்கு ஒரு எண்ணிக்கை நோட்டு உண்டு. சனிக்கிழமை அந்த நாற்பத்தெட்டும் கூடையில் இறங்கி வரும். நான் திருத்தித் திங்களன்று மேலே அனுப்புவேன். இன்று என் எண்ணிக்கை 43. போன வார நோட்டுகளில் 35 முதல் 52 வரை இருந்தது. ஒரு பள்ளி 110 என்று எழுதியிருந்தது. எட்டயபுரத்துக்கு அப்பால் கரிசல்காட்டுப் பள்ளியில் எட்டாம் வகுப்புச் செல்வக்கனி, கடலை நேரில் பார்த்ததே இல்லாதவள், இப்படிக் கேட்டிருந்தாள்: “போன மீனே திரும்பி வந்தால் அதை மறுபடி எண்ணலாமா சார்?” என் மாணவர்களில் பாதிப் பேர் முனைவர் பட்டத்துக்குப் பிறகும் கேட்காத கேள்வி.


நாள் 29
பிப்ரவரி 10. செவ்வாய். 11:05
நீர் வெப்பம் 29.9. உப்பளவு 37.8. பார்வைத் தூரம் 6 மீட்டர்.

வடக்கே நிறுவனத்தின் கழிவுக் குழாய் இருக்கிறது. உப்பைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் சுடு உவர்நீரைக் கடலில் விடும் குழாய். ஞாயிறு முதல் அங்கே இரண்டாவது பம்பின் சத்தம் கேட்கிறது. உவர்நீர் கனமானது, கலக்காமல் தரையோடு ஊர்ந்து வரும். நேராக என் பாறைக்கு வருகிறது. மான்கொம்புப் பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன.

அறிக்கை அனுப்பினேன். பதில் இரண்டே வரி: கருவிக் கோளாறு, புதுக் கருவி வரும்.

இன்றைய எண்ணிக்கை 31. பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னேன். பவளம் என்பது கல் அல்ல, உயிர். அதற்குள் ஒரு பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது. சூடும் உப்பும் ஏறினால் பவளமே அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும். அப்புறம் வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். சில வாரம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. காரணம் எந்தக் குழாய் என்பதையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

திரையில் வந்த கேள்விகள்: “சார் நீங்க எப்படிக் குளிப்பீங்க?” “அங்க சுறா வருமா சார்?” பவளத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன்.


நாள் 33
பிப்ரவரி 14. சனி. 15:30
நோட்டுகள் வந்தன. நான் எண்ணியது 31. பிள்ளைகள் எழுதியிருப்பது 58, 60, 61, 59, 61.

முதலில் சிரித்தேன், எனக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் போல என்று. அப்புறம் சிரிப்பு நின்றது. அவர்கள் தப்பாக எண்ணியிருந்தால் எண்கள் சிதறியிருக்கவேண்டும். நாற்பத்தெட்டுப் பள்ளிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 110 எழுதிய பள்ளிகூட இப்போது 62 எழுதியிருக்கிறது. இவர்கள் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார்கள். எதை எண்ணினார்கள் என்றுதான் தெரியவில்லை.

தொம்மையிடம் போனில் கேட்டேன்.

“படம் நல்லா வருதால?”
“கண்ணாடி மாதிரி வருது அத்தான். ஒரு கொறையுமில்ல.”
“வெள்ளையாத் தெரியுதா பவளம்?”
“நான் இங்க காத்தப் பாப்பனா, படத்தப் பாப்பனா? அக்கா நெத்திலிக் கருவாடு வறுத்துக் குடுத்துவிட்டிருக்கா. கூடையிலயே இருக்கு, பாத்து எடுங்க.”

கருவாடு நன்றாக இருந்தது. கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.


நாள் 36
பிப்ரவரி 17. செவ்வாய். 11:20
நீர் வெப்பம் 31.2. உப்பளவு 40.1. பார்வைத் தூரம் 5.

எண்ணிக்கை 12. கிளிமீன்கள் போய்விட்டன. கடல் அட்டைகள் தரையில் உருகிக் கிடக்கின்றன. பழைய மீன்வலைத் துண்டு ஒன்று பாறையில் சிக்கியிருக்கிறது, அதற்குள் இரண்டு ஓரா மீன்கள் செத்துக் கிடந்தன. வெளியே இறங்கிக் கையில் எடுத்து ஜன்னலுக்கு முன்னால் காட்டினேன். உள்ளே வந்து, “உங்கள் பவளம் இப்போது என்ன நிறம்? பார்த்து எழுதுங்கள்” என்றேன்.

திரையில் பதில்கள் வந்தன: “ஊதா சார்.” “பச்சையும் ஊதாவும் சார்.” “சூப்பரா இருக்கு சார்!”

கத்திவிட்டேன். கண் எதற்கு வைத்திருக்கிறீர்கள், வடைக்கு ஓட்டை போடவா என்று கேட்டேன். உடனே வருத்தப்பட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். ஒருவராவது அழுவார், ஒரு ஆசிரியராவது கோபித்துக்கொண்டு எழுதுவார் என்று காத்திருந்தேன். “நன்றி சார்” என்றுதான் நாற்பத்தெட்டுப் பள்ளிகளிலிருந்தும் வந்தது.


நாள் 40
பிப்ரவரி 21. சனி. 15:10
செல்வக்கனியின் நோட்டிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

“சார், ஒரு சந்தேகம். ஜனவரி 20 அன்று 10:14-க்கு இடதுபக்கமிருந்து ஒரு பேராமை வந்தது. ஓட்டில் ஒரு மூலை உடைந்திருந்தது. பிப்ரவரி 10 அன்றும் 10:14-க்கு அதே ஆமை அதே பக்கமிருந்து வந்தது. இந்த வாரமும் 10:14. ஆமைக்கு மணி பார்க்கத் தெரியுமா சார்?”

ஓடு உடைந்த ஆமையை நான் கடைசியாகப் பார்த்தது ஜனவரி 20.

நான்கு முறை படித்தேன். அப்படியானால் பிள்ளைகள் பார்ப்பது பழைய பதிவு. ஜன்னலை என்னிடம் விட்டுவிட்டு ஜன்னலின் படத்தை மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். என் பேச்சு? நான் வெளுப்பு என்று சொன்னதைக் கேட்டிருந்தால் எந்தப் பிள்ளையும் சூப்பரா இருக்கு என்று எழுதாது.

கேபிள் மேலே போகிறது. மேலே ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். இந்த வரியை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.


நாள் 43
பிப்ரவரி 24. செவ்வாய். 09:15
நீர் வெப்பம் 31.8. உப்பளவு 41.0.

ஒரு சோதனை. மூன்றாம் பாறையில் செத்த பவளங்களை மூன்று நாளாக எண்ணி முடித்தேன். 417. இன்று வகுப்பு நேரத்தில் வெளியே இறங்கி, ஜன்னலுக்கு முன்னால் பலகையில் அந்த எண்ணை எழுதிக் காட்டப்போகிறேன். முகமூடி மைக்கில் குரலிலும் சொல்வேன். நோட்டில் எழுதச் சொல்வேன். சனிக்கிழமை ஒரு நோட்டிலாவது 417 இருந்தால் தொம்மையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன்.

11:00
ஒரு மணி நேரம் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உவர்நீர் முகமூடி ஓரத்தில் எரிகிறது. ஜன்னல் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை நம்பித்தானே இத்தனை நாளும் பேசினேன்.


நாள் 47
பிப்ரவரி 28. சனி. 15:40
ஒரு நோட்டிலும் 417 இல்லை.

அதைவிட மோசமானது இருக்கிறது. நாற்பத்தெட்டு நோட்டிலும் அன்றைய பாடம் என்று ஒன்று அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நான் நடத்தாத பாடம். “பவளம் வெளுப்பது நோய் அல்ல. கடல் தன்னைத் தானே கழுவிக்கொள்வதன் அடையாளம். வெள்ளைப் பவளத்தின் படத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம் என்று இன்னாசி சார் சொன்னார்.”

இன்னாசி சார் சொன்னார். கீழே கோடுகூடப் போட்டிருக்கிறார்கள், சிவப்பு மையில், நான் சொல்லிக்கொடுத்தபடி, ஸ்கேல் வைத்து.

கேபிளில் ஏதோ ஒரு பெட்டியை மாட்டி என் குரலைப் போலியாகச் செய்துவிட்டார்கள். திரையில் எனக்கு வந்த பதில்களையும் அதுதான் எழுதியிருக்கவேண்டும். இருபது வருடம் வகுப்பெடுத்த குரல். பிள்ளைகள் நம்புவதற்காகவே நான் வளர்த்த குரல். அதை வைத்தே அவர்களுக்குப் பொய் ஊட்டியிருக்கிறார்கள். அடக்கமாக எழுதவேண்டும் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை.

17:20
தொம்மையோடு பேசினேன். முழுவதும் எழுதிவைக்கிறேன்.

“ஏல தொம்ம. பெட்டிய மாட்டுனது யாரு?”
“எந்தப் பெட்டி அத்தான்?”
“கேபிள்ல. படத்த மாத்துற பெட்டி. பொய் சொன்னன்னா இப்பவே காத்துக் குழாயக் கழட்டிப் போட்டுட்டு வெளிய போயிருவேன்.”
“நாந்தான் மாட்டுனேன்.”
“எப்ப?”
“ரெண்டாவது பம்பு ஓட ஆரம்பிச்ச அன்னிக்கி.”
“உனக்குத் தெரிஞ்சே செஞ்சியால?”
“தெரிஞ்சுதான் அத்தான். நான் மாட்டலன்னா என்னைய எறக்கிட்டு வேற ஆள ஏத்துவேன்னான் கம்பெனிக்காரன். உங்க காத்து அவன் ஆளு கையில போயிரும். ஒங்களப் பத்தி அவனுக்கு என்ன கவல? கரையில வெள்ளப் பவளத்துப் படம் சுத்துது, அவன் ரொம்பக் கொதிப்புல இருக்கான். நான் என்ன செய்ய? கயிற விட்டுட்டு நியாயம் பேசவா?”
“பிள்ளைகளுக்கு என் வாயால பொய் சொல்லிருக்கியேல.”
“அத்தான், ஒண்ணு கேக்கேன். காத்து ஒரு நிமிசம் நின்னுச்சா? சோறு ஒரு வேள தப்புச்சா? ஒங்கள உசுரோட கொண்டாந்து அக்காகிட்ட ஒப்படைக்கணும். எங்கிட்டச் சொன்ன வேல அதான். அத நான் விட்டனா?”

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எங்கள் வழக்கம் கேட்பதை எல்லாம் அவன் செய்திருக்கிறான். தாத்தாவும் அப்பாவும் மச்சினன் கையில் ஒப்படைத்தது உயிரை மட்டும்தான். நான் என் வார்த்தையையும் சேர்த்து ஒப்படைத்தேன். ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் ஒப்படைத்தேன். எந்த ஆய்வுக்கூடத்திலும் நான் செய்திருக்கமாட்டேன்.

ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. கண்டெடுப்பவரே, நீங்கள் யாராக இருந்தாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். முகம் தெரியாத நிறுவனம் என்னை ஏமாற்றியதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்ட கை அந்தப் பெட்டியை மாட்டியது. அதுதான் தாங்கவில்லை.

18:00
கயிற்றில் ஒரு இழுப்பு. நலமா?
நான் பதிலுக்கு இழுக்கவில்லை.
18:01. மறுபடி. 18:02. மறுபடி. 18:05. மறுபடி.
18:09. இழுத்தேன். அவன் பயந்துவிடுவான்.


நாள் 48
மார்ச் 1. ஞாயிறு. 13:00
வெப்பம் 32.1. உப்பளவு 42.3. ஜன்னலில் மீன் இல்லை. களவாவும் வரவில்லை.

நானாக மேலே நீந்திப் போகமுடியாது. இத்தனை நாள் இந்த அழுத்தத்தில் இருந்த உடம்பு திடீரென்று மேலே போனால் இரத்தத்தில் குமிழி கட்டிச் செத்துப்போவேன். கூண்டில் ஏற்றிப் பதினாறு மணி நேரம் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். அந்த வால்வும் மேலே இருப்பவன் கையில். போனும் மிதவைவரைதான்.

பிள்ளைகளை அடைய எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. நோட்டுகள். அவற்றை யாரும் மாற்றவில்லை. பிள்ளைகள் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு நோட்டிலும் சிவப்பு மையால் இதை எழுதுகிறேன்:

“இந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை. நீங்கள் பார்ப்பது ஜனவரி மாதக் கடல். இப்போது பவளம் வெளுத்துச் சாகிறது. காரணம் சுடு உவர்நீர். என்னை நம்பவேண்டாம், சோதித்துப் பாருங்கள். செவ்வாய் வகுப்பில் கேளுங்கள்: சார், நானூற்றுப் பதினேழு என்றால் என்ன? அது மூன்றாம் பாறையில் செத்த பவளங்களின் எண்ணிக்கை. வேறு பதில் வந்தால் பேசுவது நான் அல்ல. இ. மோத்தா.”

இதுவரை பத்தொன்பது நோட்டு. கட்டைவிரல் மரத்துவிட்டது.


நாள் 49
மார்ச் 2. திங்கள். 16:00
நாற்பத்தெட்டும் முடிந்தன. செல்வக்கனியின் நோட்டில் கூடுதலாக ஒரு வரி: ஆமைக்கு மணி பார்க்கத் தெரியாது. நீ பார்த்தாய்.

கூடையை மேலே அனுப்பும்முன் தொம்மையோடு பேசினேன்.

“நோட்டு வருது. பிரிச்சுப் பாரு, எனக்கு ஒளிவுமறைவு இல்ல. நாளைக்கிக் காலையில வகுப்புக்கு முந்தி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரணும்.”
“அத்தான், கம்பெனி ஆளு ஒருத்தன் இன்னிக்கி வந்து இங்கயே ஒக்காந்திருக்கான்.”
“அது உன் பாடு. நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல தொம்ம.”
“…சரி அத்தான்.”

18:00
இழுப்பு இல்லை.
18:30. இல்லை. இத்தனை நாளில் முதல் தடவை.

19:20
காற்றழுத்தம் ஏறி இறங்கியது. காது அடைத்தது. அரை மணி நேரத்தில் சரியானது. வால்வை யாரோ பழக்கமில்லாமல் திருகுகிறார்கள்.


நாள் 50
மார்ச் 3. செவ்வாய். 07:34
ஜன்னலுக்கு மேலிருந்து ஏதோ விழுகிறது. முதலில் திருக்கை என்று நினைத்தேன்.

நோட்டுகள்.

கட்டு அவிழ்ந்து ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பக்கங்கள் தண்ணீரில் விரிகின்றன. சிவப்பு மை கரைந்து புகை மாதிரி மேலே போகிறது. செத்த பவளத்தின்மேல் போய்ப் படிகின்றன. பிளாஸ்டிக் அட்டை போட்ட நோட்டுகள். கடலில் குப்பை போடாதே என்று அட்டையில் நிறுவனமே அச்சடித்துக் கொடுத்தது.

தொம்மை. தொம்மை. நீ சரி என்று சொன்னாயே.

கையைச் சுவரில் குத்தினேன். இரும்புச் சுவர். விரல் வீங்கிவிட்டது, எழுத்து கோணுகிறது. நாற்பத்தொன்பது வயதில் குழந்தை மாதிரி அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். குறிப்பு முழுமையாக இருக்கட்டும்.

08:50
வெளியே போய்ப் பொறுக்கினேன். வேறு என்ன செய்ய? கடலில் கிடக்கக்கூடாது. உள்ளே கொண்டுவந்து எண்ணினேன். 47.
மறுபடி எண்ணினேன். 47.
பெயர்களைப் பார்த்தேன். கரிசல்காட்டுப் பள்ளியின் நோட்டு இல்லை. நீரோட்டம் கொண்டு போயிருக்கும்.

09:52
போன்.

“அத்தான், நாந்தான். சத்தம் போடாதீக, கேளுங்க. நேத்துச் சாயங்காலம் காய்ச்சல்னு சொல்லிட்டுக் கரைக்கிப் போனேன். அந்தக் கம்பெனி ஆளு பையச் சோதிச்சான். ஒரே ஒரு நோட்டுதான் சட்டைக்குள்ள கொண்டுபோக முடிஞ்சுது. அந்த ஆமைப் பிள்ள நோட்டு. எட்டயபுரம் தாண்டிப் போய் அவ கையிலயே குடுத்துட்டேன். திரும்பி வாரதுக்குள்ள மத்தத அவன் படிச்சிட்டான். என் கையாலயே போட வச்சான். போட்டேன்.”
“ராத்திரி கயிறு யாருகிட்ட இருந்துச்சு?”
“அவங்கிட்ட. மொதத் தடவையா விட்டுட்டுப் போனேன் அத்தான். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”
“ஒண்ணும் ஆகல.”
“கிளாசு தொடங்கப் போகுது. இந்தப் போன இங்க இருக்க திரைகிட்ட வைக்கேன். நீங்களும் கேளுங்க.”

10:00
முதல் முறையாக என் வகுப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

“வணக்கம் பிள்ளைகளா! எண்ணத் தொடங்கலாமா?” என் குரல். இருமல்கூட என்னுடையது. என்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறது. கடல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்கிறது.

10:14
“ஆமை வருது!” என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். கீழே எனக்கு எழுத்தாக மட்டும் வந்தவர்கள், மிதவைத் திரையில் குரலாகவே கேட்கிறார்கள்.

10:31. கேள்வி நேரம்.
“சார், நான் செல்வக்கனி. நானூத்திப் பதினேழுன்னா என்ன சார்?”
“அருமையான கேள்வி செல்வக்கனி! நானூற்றுப் பதினேழு என்பது நம் பாறையில் வாழும் மீன் வகைகளின் எண்ணிக்கை.”
“இல்ல சார். அது மூணாம் பாறையில செத்த பவளத்தோட எண்ணிக்கை. எங்க சார் நோட்டுல எழுதியிருக்காக.”
“அருமையான கேள்வி செல்வக்கனி! நானூற்றுப் பதினேழு என்பது…”
“நீங்க யாரு?”
“அருமையான…”
“எங்க சார் எங்க? நீங்க யாரு?”

அப்புறம் வேறொரு பள்ளியிலிருந்து ஒரு குரல்: “நீங்க யாரு?” அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. நானே எண்ண முடியாத முதல் எண்ணிக்கை.

10:33
இணைப்பு வெட்டப்பட்டது. போன் மட்டும் திறந்திருக்கிறது. காலடிச் சத்தம். தொம்மையின் குரல்: “கைய எடுல! வால்வத் தொடாத! கீழ ஆளு இருக்கு, கைய எடு…” ஏதோ விழுந்த சத்தம். போன் அடங்கிவிட்டது.

10:35. தொம்மை.
10:36. பதில் இல்லை.
10:40. காற்றழுத்தம் இறங்குகிறது. நின்றது. ஏறுகிறது.

11:26
போனில் புதுக் குரல். மரியாதையாகப் பேசுகிறது.

“சார் வணக்கம். இனிமே நான்தான் டியூட்டி. உங்களை மேல ஏத்தச் சொல்லியிருக்காங்க. கூண்டுல ஏறிக்குங்க.”
“தொம்மை எங்க?”
“அவரைக் கரைக்கு அனுப்பியாச்சு சார். நீங்க ஏறிக்குங்க. பதினாறு மணி நேரம்தானே, நான் பார்த்துக்கறேன்.”

11:40
இந்தத் தாள்களைத் தண்ணீர் புகாத காலிக் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூன்றாம் பாறையின் அடியில் சொருகப்போகிறேன். நாற்பத்தேழு நோட்டுகளும் அதிலேயே. கண்டெடுப்பவரே, பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரியவர்களிடம் கொடுக்காதீர்கள்.

கிறிஸ்டில்டாவுக்கு: உன் தம்பியை நான் திட்டியதை எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை அடித்துவிட நேரமில்லை. அவன் ஒரே ஒரு தடவைதான் கயிற்றை விட்டான், நான் கேட்டதற்காக விட்டான்.

11:58
கயிற்றில் இரண்டு இழுப்பு. மேலே ஏறு.
ஏறாவிட்டால் இங்கே காற்று நிற்கும். ஏறினால் பதினாறு மணி நேரம் வால்வு அந்தப் புது ஆள் கையில்.

12:03
மறுபடி இரண்டு இழுப்பு. தொம்மை இழுத்தால் இரண்டாவது கொஞ்சம் தயங்கி வரும்.

இது தயங்கவில்லை.